ரோஸ் கலர் வரும்வரை: ஒரு சேற்றுப்புண்ணும் பர்மாங்கனேட் தீப்புண்ணும்

இதில் வரும் நோயாளியான அம்மாவிடமும் அவர் மகளிடமும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள். மன்னார்குடிக்குத் தெற்கே, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவ அலுவலராக இருந்தபோது, 2022 அக்டோபர் கடைசியில் நடந்தது இது. தாளடி நடவு மும்முரமாக இருந்த நாட்கள். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் நான் இதை எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. நடந்த தவறின் முதல் கண்ணி நான் சொன்ன ஒரு வாக்கியம்.

வந்தபோது

வயது 54. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று முப்பது வருடத்துக்கு மேல் வயல் வேலை. காலை எட்டரை மணிக்கு மகளும் மருமகனும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு பாதத்தையும் பழைய வேட்டித் துணியால் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் பையை மாட்டிக் கயிற்றால் கட்டியிருந்தது.

துணியைப் பிரித்ததும் எங்கள் செவிலியர் அக்கா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். வலது பாதம் கணுக்கால் வரை கரும்பழுப்பு. விரல்கள் அதைவிடக் கருப்பு. நகங்கள் புளி போட்டுத் தேய்க்காத செப்புக்குடம் போல இருந்தன. இடது பாதமும் அதே நிறம்தான், கொஞ்சம் வெளிறி.

“அழுகிடுச்சா டாக்டரம்மா? காலை எடுக்கணும்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்று மகள் அழ ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா மட்டும் நிதானமாக இருந்தார். “வலியே இல்லம்மா. அதுக்குப் போயி இவ ஊரைக் கூட்டுறா.”

எனக்கு அந்த வார்த்தைதான் பயத்தைத் தந்தது. இவ்வளவு கருத்துப்போன காலில் வலி இல்லை என்றால், ஒன்று அது வெறும் கறையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வலியைச் சொல்ல வேண்டிய நரம்புகள் வேலை செய்யவில்லை. இந்த அம்மாவுக்கு இரண்டுமே இருந்தது, ஒரே பாதத்தில், பக்கத்துப் பக்கத்தில்.

நாடித்துடிப்பு 88. இரத்த அழுத்தம் 140/90. காய்ச்சல் இல்லை. விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் 97 சதவீதம். பாதத்தின் மேற்புற நாடியும் உட்புறக் கணுக்கால் நாடியும் இரண்டு காலிலும் நன்றாகக் கைக்குக் கிடைத்தன. பாதம் கதகதப்பாக இருந்தது. இரத்த ஓட்டம் நின்று கருத்த கால் இப்படி இருக்காது. அந்த அளவுக்கு மூச்சு வந்தது. பிறகு விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன். வலது காலில் மூன்றாம் நான்காம் விரலுக்கு நடுவிலும், நான்காம் சுண்டு விரலுக்கு நடுவிலும், காய்ந்த தோல்போன்ற கரும்படலம். சுற்றிலும் சிவந்த வீக்கம். விரல்களுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இன்னொன்று.

அக்கா உப்புநீரை ஊற்றினார். இடுக்கிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு கோடு வழிந்து தட்டில் இறங்கியது. உள்ளே கரையாத துகள்கள் இன்னும் இருந்தன. முந்தின இரவு ஏழு மணிக்கு, பர்மாங்கனேட் என்ற கிருமிநாசினிப் பொடி கரைத்த தண்ணீரில் காலை நனைத்தவர். பதினான்கு மணி நேரம் கழித்தும் அந்தப் பொருள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் முன்பு

அதே அம்மா இரண்டு நாள் முன்பு புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தார். நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்ற நாள். சேற்றுப்புண். விரலிடுக்கு வெளுத்து ஊறி, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. டெல்டாவில் நடவுக் காலத்தில் வேலை பார்க்கும் எந்த மருத்துவருக்கும் இது புதிதல்ல. காலை ஆறரைக்குச் சேற்றில் இறங்கினால் மதியம் வரை கால் தண்ணீரைவிட்டு வெளியே வராது. தோல் ஊறி அரண் இளகிவிடும். பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றாகக் குடியேறும். ஒரு கொத்து நடவாட்களில் பாதிப் பேர் காலிலாவது மருதாணியோ மஞ்சளோ இருக்கும். இரவில் மருதாணியை அரைத்து இடுக்கில் வைத்துக் கட்டுவது இங்கே பாட்டி காலத்து வழக்கம். நான் அதைத் தடுப்பதில்லை. மருதாணிக்கு நிறம் தரும் லாசோன் என்ற பொருளுக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் கொஞ்சம் உண்டு. எல்லாவற்றையும்விட, இலை காயக் காயத் தோலும் காய்கிறது.

அன்று நான் பூஞ்சைக்கான கிளோட்ரிமசோல் களிம்பு எழுதிக் கொடுத்தேன். கூடவே சொன்னது இது: “பர்மாங்கனேட் வாங்கித் தண்ணில கொஞ்சம் போட்டு, ரோஸ் கலர் வர்ற மாதிரி கலந்து, தினம் கால்மணி நேரம் காலை ஊறவைங்கம்மா. அப்புறம் நல்லாத் துடைச்சுட்டு களிம்பு போடுங்க.”

ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். எவ்வளவு பொடி, எவ்வளவு தண்ணீர், எந்தத் தண்ணீர் என்று எதுவும் அதில் இல்லை. சர்க்கரை இருக்கிறதா என்று வாயால் கேட்டேன். “அதெல்லாம் இல்லம்மா” என்றார். ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

முந்தின இரவு

நடந்ததைத் தாயிடமும் மகளிடமும் தனித்தனியாக இரண்டு முறை கேட்டு எழுதினேன்.

மருந்து வீட்டிலேயே இருந்தது. முந்தைய வருடம் பசுவுக்குக் கோமாரி வந்தபோது வாயையும் குளம்பையும் கழுவ வாங்கியது. கடையில் தாளில் மடித்துக் கொடுத்த உதிரிப் பொடி. காபித்தூள் டப்பாவில் போட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருந்தார்கள். சீட்டு இல்லை, அளவு இல்லை. மாட்டின் வாய்ப்புண்ணுக்கு ஆயிரத்துக்கு ஒரு பங்கு என்று கரைப்பது வழக்கம். மனிதத் தோலை ஊறவைக்கச் சொல்வது பத்தாயிரத்துக்கு ஒரு பங்கு. இரண்டும் ஒரே பொடி, ஒரே டப்பா.

தண்ணீர் வாய்க்காலில் எடுத்தது. தெருக்குழாயில் காலையில் மட்டும்தான் வரும். அதைப் பிடித்துச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்திருப்பார்கள். கால் கழுவ அதைச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? மேல்கரை வயல்களில் சேறடித்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக இருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் அன்னக்கூடையில் பாதிக்குமேல் ஊற்றினார். ஒரு கரண்டிப் பொடி போட்டார்.

ஊதாவாகச் சுழன்றது. நாலைந்து நிமிடத்தில் பழுப்பாகிவிட்டது. “டீத்தண்ணி மாதிரி ஆயிடுச்சு” என்றார். ரோஸ் கலர் வரவேண்டும் என்று நான் சொல்லியிருந்தேனே. பழுப்பு ரோஸ் இல்லை. இன்னொரு கரண்டி போட்டார். மறுபடி பழுப்பு. மூன்றாவது. நான்காவது போட்ட பிறகு நிறம் நின்றது. சிவப்புக் கூடை, கூரைக்குக் கீழே ஒரு குண்டு பல்பு. அது ரோஸா ஊதாவா என்று யாராலும் சொல்ல முடியாது. கத்திரிப்பூக் கலரில் இருந்தது என்று மகள் பிறகு சொன்னார்.

காலை வைத்தார். எரியவில்லை. எரிந்தால் எடுத்திருப்பார். கால்மணி நேரம் என்று நான் சொன்னதைவிட அதிகம் வைத்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து, தொலைக்காட்சியில் இரண்டு நாடகம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதன்பிறகு பாயிலும் போர்வையிலும் கறை படும் என்று, துடைக்காமலே துணி சுற்றிப் பையை மாட்டிப் படுத்துவிட்டார். கால் ஏற்கெனவே மருதாணிச் சிவப்பில் இருந்ததால் இரவில் நிற மாற்றம் யார் கண்ணுக்கும் படவில்லை. விடிந்த பிறகுதான் மகள் பார்த்தார்.

இந்தக் கதையில் எங்கே அறியாமை இருக்கிறது என்று தேடிப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா நான் சொன்னதை விடாப்பிடியாகக் கடைப்பிடித்தார். ரோஸ் வரும்வரை போட்டார்.

கறையா, கருகலா

முதலில் செய்தது தண்ணீர். சுத்தமான குழாய்த் தண்ணீரை மெதுவாக, ஓடவிட்டு, இடுக்குகளை விரலால் பிரித்துப் பிடித்து, ஊதா வழிவது நிற்கும்வரை. முக்கால் மணி நேரம் ஆனது. ஒட்டியிருந்த துகள்களை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தோம். இரசாயனத் தீப்புண்ணில் எத்தனை மணி நேரம் கழித்து வந்தாலும் பொருள் உள்ளே இருந்தால் கழுவியே ஆக வேண்டும்.

அடுத்து, எது கறை, எது செத்த தோல் என்று பிரிக்க வேண்டும். பர்மாங்கனேட் தோலில் விடும் பழுப்பு மாங்கனீஸ் டை ஆக்சைடு. சோப்பு அதை ஒன்றும் செய்யாது. வைட்டமின் சி அதைக் கரைத்து நிறமற்றதாக்கிவிடும். மருந்தகத்திலிருந்து ஒரு 500 மி.கி. மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, புண் இல்லாத பாதத்தின் மேற்புறத்தில் மட்டும் பஞ்சால் ஒற்றினோம். மகளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கருப்புக்குக் கீழிருந்து அந்த அம்மாவின் கால் வெளியே வந்தது. மருதாணிச் சிவப்போடு. மகள் அதற்குமேல் அழவில்லை. இதே காரணத்துக்காக எலுமிச்சையைத் தேய்ப்பவர்கள் உண்டு. திறந்த புண்மேல் அதைச் செய்யக் கூடாது.

விரலிடுக்குகளும் உள்ளங்கால் வட்டமும் கருப்பாகவே நின்றன. அவை உண்மையான தீப்புண். தொட்டால் உணர்வில்லை. பாத உணர்வைச் சோதிக்கும், பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்துப் பார்த்தபோது, வலது பாதத்தில் பத்து இடங்களில் ஏழில் அவருக்குத் தெரியவில்லை. இடது பாதத்தில் ஐந்தில் தெரியவில்லை. விரலைக் குத்தி எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 312.

“எனக்குச் சர்க்கரையா? நான் இனிப்பே தொடமாட்டேனே” என்றார்.

பாத எரிச்சல், மதமதப்பு ஏதாவது உண்டா என்று இந்த முறை ஒழுங்காகக் கேட்டேன். “வரப்புல செருப்பு எங்க கழண்டு விழுந்துச்சுன்னே தெரியாம நடந்து வந்துடுவேன். ரெண்டு வருசமா அப்படித்தான். வயசாச்சுன்னு நெனச்சேன்.” இரண்டு நாள் முன்பே இதைக் கேட்டிருந்தால், அந்தக் காலை எந்தக் கரைசலிலும் வைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். உணர்வில்லாத பாதத்தை ஊறவைக்கவே கூடாது. வெந்நீரானாலும் சரி, மருந்தானாலும் சரி.

அந்தப் பொடி என்ன செய்கிறது

பொட்டாசியம் பர்மாங்கனேட் புதிய மருந்தல்ல. 1850களில் லண்டனில் ஹென்றி போல்மன் காண்டி என்பவர் கிருமிநாசினியாக விற்கத் தொடங்கினார். 1890களில் ஆக்ராவில் இருந்த எர்னஸ்ட் ஹான்கின் காலராவை நிறுத்த இதைக் கிணறுகளில் போடச் சொன்னார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்குச் சிவந்த கிணற்றுத் தண்ணீர் இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கொண்டது. தோல் மருத்துவத்தில் மட்டும் பர்மாங்கனேட் நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1:10,000 நீர்க்கரைசலாக அது இடம்பெற்றிருக்கிறது. மலிவு. நீர் கசியும் புண்ணைத் துவரவைத்துக் காயச்செய்யும். கடுக்காய் நீரில் வாய் கொப்பளித்தால் ஒரு சுருக்கென்ற இறுக்கம் வருமே, அதுபோன்ற குணம் இதற்கும் உண்டு. சரியான அளவில் இதைப்போல் உதவுகிற பொருள் குறைவு என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

இது கிருமியைக் கொல்வது எலெக்ட்ரானைப் பிடுங்கி. அதிலிருக்கும் மாங்கனீஸ் ஏழு எலெக்ட்ரான்களைக் கொடுத்துவிட்ட நிலையில் இருக்கிறது. எதைத் தொட்டாலும் அதிலிருந்து திரும்ப எடுக்கப் பார்க்கும். நடுநிலைத் தண்ணீரில் மூன்று எலெக்ட்ரான்களை எடுத்ததும் பழுப்பு மாங்கனீஸ் டை ஆக்சைடாகி அடங்கிவிடும். பூஞ்சையின் புரதம், நம் தோலின் புரதம், வாய்க்கால் சேற்றில் இருக்கும் மக்கிய இலை, வைக்கோல், சாணம் என்று எந்த வேறுபாடும் அதற்குத் தெரியாது.

வாய்க்கால் தண்ணீரில் முதல் கரண்டி பழுப்பானதற்கு இதுதான் காரணம். சேறு மருந்தைத் தின்றுவிட்டது. டெல்டாவில் பல ஊர்களில் அடிபம்புத் தண்ணீரில் இரும்பு அதிகம். வெள்ளைத் துணி துவைத்தால் காவியேறும். அந்தத் தண்ணீரும் கொஞ்சம் மருந்தைத் தின்னும். கரைசல் பழுப்பானால் அது செத்த மருந்து. கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் புதிதாகக் கலக்க வேண்டும். மேலே மேலே போட்டுக்கொண்டே போனால், சேற்றின் பசி தீர்ந்த மறுநொடி மிச்சமெல்லாம் தோலுக்குப் போகும்.

துகள் இன்னும் மோசம். பர்மாங்கனேட் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. கலக்காமல் விட்டால் நேராக அடியில் போய் உட்காரும். பாதம் வைக்கும் இடமும் அதுதான். துகளைச் சுற்றி, சாதாரண வெப்பத்தில் 100 மில்லிக்கு 6 கிராமுக்கு மேல் கரைந்த நிறைவுக் கரைசல் ஒரு மெல்லிய வளையமாக நிற்கும். பத்தாயிரத்துக்கு ஒரு பங்கு என்ற அளவைவிட அது அறுநூறு மடங்கு. சேற்றுப்புண்ணால் அரண் இழந்த விரலிடுக்கில் அப்படி ஒரு துகள் மாட்டி, மேலே துணியும் பாலித்தீனும் கட்டி ஈரத்தைப் பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அன்று காலையில் பார்த்தோம்.

இந்த இடத்தில் பாம்புக்கடியையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பகுதியில் அது முக்கியம் என்பதால். 1881ல் பிரேசிலில் லசெர்டா என்பவர் பாம்பு விஷத்துக்குப் பர்மாங்கனேட்டைப் பரிந்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலும் கடிவாயைக் கீறி இந்தத் துகளைத் தேய்க்கச் சொன்னார்கள். அது விஷத்தை முறிக்காது. இன்னொரு தீப்புண்ணைத்தான் சேர்க்கும். வயதானவர்கள் சிலர் இன்னும் அதைச் சொல்கிறார்கள். வீட்டில் அந்த டப்பா இருந்தால் யாராவது ஒருநாள் செய்தும் விடுவார்கள். பாம்பு கடித்தால் காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்கு வருவதுதான் வழி.

எவ்வளவு போட்டார்?

எனக்கு எண் வேண்டியிருந்தது. அன்றே, அம்மாவைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன், மகள் டப்பாவையும் கரண்டியையும் அன்னக்கூடையையும் கொண்டுவந்தார். அந்த அம்மா மேசையில் இருந்தபடியே “இந்த மட்டுக்கு” என்று கூடையில் விரல் வைத்துக் காட்டினார். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றினோம். ஆறு லிட்டர். கரண்டிப் பொடியை நிறுக்க எங்களிடம் தகுந்த தராசு இல்லை. குழந்தை நிறுக்கும் தராசு கிராம் கணக்கு காட்டாது. எங்கள் மருந்தாளுநர் கடைத்தெருவில் தனக்குத் தெரிந்த நகை அடகுக் கடைக்குத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். தங்கம் நிறுக்கும் தராசில் அந்தக் கரண்டி 3 கிராம் காட்டியது.

நான்கு கரண்டி, 12 கிராம். ஆறு லிட்டரில் லிட்டருக்கு 2 கிராம். நான் மனதில் வைத்திருந்த 1:10,000 என்பது லிட்டருக்கு 0.1 கிராம். இருபது மடங்கு. சேறு தின்றது போக எவ்வளவு மிஞ்சியது என்பது கணக்குக்கு அகப்படாது. ஆறு லிட்டருக்குப் போட வேண்டியது 0.6 கிராம், அந்தக் கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு அன்று மாலை வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்தில் ஒரு கரண்டி என்பதை எந்த வீட்டில், எப்படி அளப்பார்கள்?

நிறத்தைப் பற்றியும் யோசித்தோம். மருந்தாளுநர் சரியான அளவில் ஒரு லிட்டர் கலந்தார். அதே தண்ணீரை வெள்ளைத் தட்டில் மெல்லிசாக ஊற்றினால் இளம் ரோஸ். கண்ணாடி டம்ளரில் அடர்ந்த ரோஸ். வாளி ஆழத்தில் மேலிருந்து பார்த்தால் ஊதா. சிவப்புக் கூடையில் நிறமே தெரியவில்லை. ஒளி எவ்வளவு ஆழம் கடந்து வருகிறதோ அவ்வளவு நிறம் அடர்கிறது. இவ்வளவு காலம் நாங்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துவந்த ஒரே அளவுகோல் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறுகிற அளவுகோல்.

சிகிச்சை

அன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். கழுவிய நேரம், பொருளின் பெயர், கறைக்கும் புண்ணுக்கும் உள்ள எல்லை எல்லாவற்றையும் படம் வரைந்து சீட்டில் எழுதினேன். இல்லையென்றால் அடுத்து பார்ப்பவரும் அந்தக் கருப்பைப் பார்த்து அழுகல் என்று நினைக்க வாய்ப்பு உண்டு. டெட்டனஸ் ஊசி இங்கேயே போட்டுவிட்டோம்.

அங்கே எலும்பில் பாதிப்பு இல்லை என்று எக்ஸ்ரே காட்டியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 10.4. முதல் வாரங்களில் இன்சுலின், பிறகு மெட்பார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள். செத்த படலத்தை இரண்டு தவணையாக அகற்றினார்கள். நான்காவது இடுக்கில் கொழுப்புப் படலம் வரை இறங்கியிருந்தது. தசைநாண் தப்பியது. பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு நாள்விட்டு நாள் எங்களிடம் கட்டு மாற்றினோம். உள்ளங்கால் வட்டம் ஐந்தாவது வாரத்தில் மூடியது. இடுக்குகளுக்கு ஒன்பது வாரம் ஆனது. விரல் எதுவும் போகவில்லை.

அந்த ஒன்பது வாரமும் தாளடி நடவும் களையெடுப்பும் நடந்து முடிந்துவிட்டன. ஒருநாள் கட்டு மாற்றும்போது கணக்குச் சொன்னார். நடவுக்கு இத்தனை நாள், களைக்கு இத்தனை நாள், போனது போனதுதான் என்று. என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், “தப்பு என்னோடதும்மா. அளவு சொல்லாம விட்டுட்டேன்” என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இனி வர்றவங்களுக்காச்சும் சொல்லுங்க” என்றார்.

மாற்றியவை

மருந்தாளுநர் சின்னதாக ஒரு மின்தராசு வாங்கினார். அரை கிராம் பர்மாங்கனேட்டை நிறுத்துத் தாளில் மடித்து, கோயிலில் விபூதி மடிப்பதுபோலப் பொட்டலம் போட்டார். ஒரு பொட்டலத்துக்கு ஐந்து பாட்டில் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இல்லாத வீடு இன்று கிடையாது. பாட்டிலில் எண்ணி ஊற்று என்றால் யாருக்கும் புரிகிறது. குழாய்த் தண்ணீர் மட்டும். குச்சியால் கலக்கி, அடியில் ஒரு துகள்கூட இல்லை என்று பார்த்த பிறகே கால். அடி தெரியாவிட்டால் முதலில் ஒரு பாட்டிலிலேயே போட்டுக் குலுக்கிக் கரைத்துவிட்டு ஊற்றலாம். பத்து நிமிடம் போதும். துடைத்து, விசிறிக் காற்றில் காயவிட வேண்டும். எதையும் கட்டக் கூடாது. நிறம் என்ற பேச்சையே எடுப்பதில்லை, ஒன்றைத் தவிர: பழுப்பானால் கொட்டிவிடு.

குடிக்கும் டம்ளர், செம்பு எதிலும் கலக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அதே 2022 ஏப்ரலில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, நோயாளிகள் இந்த மருந்தைத் தவறுதலாக விழுங்கிவிடுவது பற்றி நாடு முழுக்க எச்சரிக்கை விட்டிருந்தது. விழுங்கினால் வாயும் உணவுக்குழாயும் வெந்துபோகும். வளர்ந்தவருக்கே 10 கிராம் அளவில் உயிருக்கு ஆபத்து. அந்த வீட்டுப் பரணில் திறந்த டப்பாவில் அதைவிட அதிகம் இருந்தது, கைக்கெட்டும் உயரத்தில், இரண்டு பேரக்குழந்தைகள் விளையாடும் கொட்டகையில். மீதியை மருந்தாளுநர் வாங்கி வைத்துக்கொண்டார்.

எனக்கு இவற்றைவிடப் பெரிய மாற்றமாகப் படுவது, சேற்றுப்புண்ணோடு வரும் முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதும், இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும். இரண்டுக்கும் சேர்த்து மூன்று நிமிடம். அதுவரை தெரியாத சர்க்கரை நோய் இன்னும் சிலருக்கு இருப்பது அந்தப் பருவத்திலேயே வெளிவந்தது. உணர்வு குறைந்த காலுக்குப் பொட்டலம் தருவதில்லை. கழுவி, துடைத்து, களிம்பு மட்டும்.

பர்மாங்கனேட் இல்லாமலும் பெரும்பாலான சேற்றுப்புண் ஆறிவிடும். அதற்கு வேண்டியது காய்ந்த கால். தொடர்ந்து இருபது நாள் நடவு கிடைக்கிற காலத்தில் இரண்டு நாள் வீட்டில் இரு என்பது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து. அதை எழுதிக் கொடுக்க எனக்குச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது, கூலி இல்லை.

கடைசியாகப் பார்த்தது 2023 மே மாதம். சர்க்கரை மாத்திரை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. எச்பிஏ1சி 7.6க்கு இறங்கியிருந்தது. நான்காவது இடுக்கில் தழும்பு இறுகி, சுண்டு விரல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. நைலான் இழை அதே ஏழு இடங்களில் இன்னும் தெரியவில்லை. அது திரும்புவதாகத் தோன்றவில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் குறுவை நடவுக்குக் கூப்பிடுவார்கள், போகலாமா என்று கேட்டார். சேற்றில் இறங்க வேண்டாம், நாற்று முடி எடுத்துக் கொடுக்கிற வரப்பு வேலை என்றால் மூடிய செருப்போடு போகலாம் என்றேன். வரப்பு வேலைக்குத் தனியாக ஆள் வைக்க மாட்டார்கள் என்றார் மகள். ஜூலை முதல் வாரம் மறுபரிசோதனை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.